கல்யாணத்துக்கு லென்ஸ் வாங்கும் முன் அடி அளந்து பாருங்கள்

புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “கல்யாணத்துக்கு எந்த லென்ஸ்ணே வாங்கலாம்?” என்றுதான். “மணவறையிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கப் போகிறாய்?” என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. அதில் தப்பில்லை, எனக்கும் தொடக்கத்தில் தெரியாது. 85 எம்எம் (இந்த எண் கூடக் கூடப் படம் நெருங்கி வரும், அகலம் குறையும்) நல்ல லென்ஸ் என்று எல்லோரும் சொன்னதைக் கேட்டு, கடன் வாங்கி அதை எடுத்துக்கொண்டு ஒரு சின்ன மண்டபத்து முகூர்த்தத்துக்குப் போனேன். என்னுடையது கிராப் சென்சார் கேமரா, அதாவது படத்தைப் பதிவு செய்யும் சென்சார் அளவில் சிறியது. முதுகு சுவரில் முட்டும்வரை பின்னால் போயும் மாப்பிள்ளையின் கைகளும் பெண்ணின் கழுத்தும் மட்டுமே படத்தில் அடங்கின. மூன்றாவது முடிச்சைப் போட்ட நாத்தனார் அதில் இல்லவே இல்லை. அந்த அக்கா ஆல்பத்தைப் புரட்டிப் புரட்டித் தன்னைத் தேடினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். இன்றும் அது மனதை உறுத்துகிறது. லென்ஸில் ஒரு குறையும் இல்லை. நான் நின்ற இடத்துக்கு அது ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

அதனால் எது சிறந்த லென்ஸ் என்று நான் இங்கே வரிசை போடவில்லை. நிற்கும் இடம், அங்குள்ள வெளிச்சம், கையில் உள்ள பணம், இந்த வரிசையில் யோசித்துக்கொண்டே வாருங்கள்.

முதலில் உங்கள் கேமரா பாடி

இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். ஒன்று, சென்சார் அளவு. ஃபுல் ஃபிரேம் என்றால் சென்சாரின் அகலம் 36 எம்எம். கிராப் சென்சார் என்றால் நிக்கான், சோனி கேமராக்களில் ஏறத்தாழ 23.5 எம்எம், கேனானில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஒரே லென்ஸை இரண்டிலும் மாட்டினால் கிராப் கேமராவில் படம் நெருங்கி வந்ததுபோல் தெரியும். நிக்கான், சோனியில் 50 எம்எம் லென்ஸ் 75 போல நடந்துகொள்ளும், கேனானில் 80 போல.

இரண்டாவது, மவுண்ட், அதாவது பாடியில் லென்ஸ் மாட்டும் வாய். கேனானில் இஎஃப், ஆர்எஃப் என்றும், நிக்கானில் எஃப், இசட் என்றும் உள்ளே கண்ணாடி உள்ள பழைய டிஎஸ்எல்ஆருக்கு ஒன்று, அது இல்லாத புதிய மிரர்லெஸ்ஸுக்கு ஒன்று இருக்கிறது. சோனி மிரர்லெஸ்ஸில் இ மவுண்ட். பழைய இஎஃப் லென்ஸை அடாப்டர் போட்டுப் புதிய ஆர்எஃப் பாடியில் மாட்டலாம். புதிய லென்ஸைப் பழைய பாடியில் மாட்ட முடியாது. நிக்கான்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று 50 எம்எம் 1.8டி போன்ற பழைய ‘டி’ வகை லென்ஸை வாங்கினால், டி3500, டி5600 போன்ற பாடிகளில் அது தானாக ஃபோகஸ் செய்யாது. அந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, அந்த பாடிகளுக்குள்ளும் கிடையாது. அதே லென்ஸின் ‘ஜி’ வகையை வாங்குங்கள்.

அடிக்கணக்கு

இந்த ஒரு கணக்கு மனதில் நின்றுவிட்டால் பாதி குழப்பம் போய்விடும். ஃபுல் ஃபிரேமில் 35 எம்எம் லென்ஸ் போட்டால், நீங்கள் எத்தனை அடி தள்ளி நிற்கிறீர்களோ ஏறக்குறைய அத்தனை அடி அகலம் படத்தில் விழும். பத்தடியில் நின்றால் பத்தடி அகலம். 24 எம்எம் என்றால் ஒன்றரை மடங்கு, அதாவது பத்தடிக்குப் பதினைந்தடி. 50 என்றால் பத்தடிக்கு ஏழடி. 70 என்றால் சரிபாதி. 85 என்றால் பத்தடிக்கு நாலேகால் அடி. 200 எம்எம்மில் பத்தடிக்கு இரண்டடிகூட வராது, ஆனால் நாற்பதடி தள்ளி நின்றால் ஏழடி வரும்.

கிராப் கேமராவில் இந்த ‘அடிக்கு அடி’ லென்ஸ் 24 எம்எம். 50 எம்எம் போட்டால் தூரத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவான அகலம் விழும். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸின் 18 முனையில் பத்தடிக்குப் பதிமூன்றடி. (சூத்திரமாக வேண்டுமென்றால், சென்சார் அகலத்தை எம்எம்மால் வகுத்துத் தூரத்தால் பெருக்குங்கள்.)

இப்போது வீட்டு ஹாலில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதிலிருந்து ஐந்தடி, பத்தடி, பதினைந்தடியில் சாக்பீஸ் கோடு போடுங்கள். கிட் லென்ஸை 18, 24, 35, 55 என்று திருப்பி ஒவ்வொரு கோட்டிலிருந்தும் எடுத்துப் பாருங்கள். ஒரு மாலை நேரம் போதும். அப்புறம் எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும் கண்ணே அளந்துவிடும்.

மண்டபத்துக்குள்

முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை வரவேற்பு இருக்கும். அதற்குச் சீக்கிரமாகப் போய், மணவறைக்கு முன்னால் எவ்வளவு இடம் இருக்கிறது, மேடையின் விளிம்பு எங்கே முடிகிறது, வீடியோகாரர் விளக்கை எந்தப் பக்கம் வைப்பார் என்று பார்த்துவிடுங்கள். அவரிடம் நாலு வார்த்தை பேசி, யார் எந்தப் பக்கம் என்று முடிவு செய்துகொள்வது லென்ஸ் வாங்குவதைவிட முக்கியம்.

தாலி கட்டும்போது பெண், மாப்பிள்ளை, பின்னால் குனியும் நாத்தனார் மூவரும் படத்தில் வர ஆறடி அகலம் வேண்டும். முன்னால் மண்டியிட ஆறடி இடம் கிடைத்தால் ஃபுல் ஃபிரேமில் 35 எம்எம். கெட்டிமேளம் கொட்டியதும் அட்சதையோடு எல்லோரும் எழுந்து வருவார்கள், உங்களைப் பன்னிரண்டு அடிக்குத் தள்ளிவிடுவார்கள். அப்போது 70 வேண்டும். எங்கே தள்ளப்படுவோம் என்பது நம் கையில் இல்லாத அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் கல்யாணக்காரர்கள் 24-70 எம்எம் 2.8 ஜூமை நம்புகிறார்கள். ஜூம் இல்லாமல் ஒரே எம்எம் மட்டும் உள்ள பிரைம் லென்ஸில் எடுத்தால் படம் இன்னும் அழகாக வரும் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அழகு உண்மைதான். ஆனால் தாலியை இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியாது. அந்த நேரத்துக்கு ஜூம் என்பதே என் தீர்மானம்.

துணைக்கு இன்னொருவர் இருந்தால் அவரை 70-200 எம்எம்மோடு மணமக்கள் உட்காரும் தளத்தைவிடச் சற்று உயரமான இடத்தில், இருபத்தைந்து அடி தள்ளி நிறுத்துங்கள். 135-க்கு அருகில் வைத்தால் ஆறரை அடி அகலம் விழும். ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லிவையுங்கள்: ஓமத்தீக்கு நேர் எதிரில் நின்று தீயின் ஊடாக எடுக்கக் கூடாது. சூடான காற்று அலைவதால் முகங்கள் தண்ணீருக்குள் இருப்பதுபோல் குழைந்துவிடும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாக இருந்தாலும் அப்படித்தான். புகை அதிகமானால் ஃபோகஸும் தடுமாறும். ஒரு பக்கமாக இரண்டடி நகர்ந்தாலே சரியாகிவிடும்.

கோயில் கல்யாணம் வேறு மாதிரி. திருப்பரங்குன்றம் போன்ற கோயில்களில் முகூர்த்த நாளில் பல ஜோடிகளுக்கு அடுத்தடுத்துத் திருமணம் நடக்கும். கல் மண்டபத்தின் நிழல், நெருக்கடி, நிற்க நாலைந்து அடி. அங்கே 70-200 பைக்குள்ளேயே கிடக்கும். 35 எம்எம் 1.8 ஒன்று கையில் இருந்தால் போதும். கேமரா எதுவரை அனுமதி என்பதைக் கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சர்ச் கல்யாணம் இதற்கு நேர்மாறு. பூசை நடக்கும்போது பீடத்தருகே போகக் கூடாது என்பார்கள், நடுப்பாதையின் பாதியில் நின்றே எடுக்க வேண்டியிருக்கும். அங்கே நீளமான லென்ஸ்தான் காப்பாற்றும்.

குரூப் போட்டோவுக்கு ஒரு வார்த்தை. பத்துப் பேர் ஒரே வரிசையில் நின்றால் பதினாறு, பதினேழு அடி அகலம். பன்னிரண்டடியில் நின்று 24 எம்எம்மில் எல்லோரையும் அடக்கிவிடலாம். ஆனால் ஓரத்தில் நிற்பவர்கள் பக்கவாட்டில் இழுபட்டுத் தடித்துத் தெரிவார்கள். பெரும்பாலும் ஓரத்தில் நிற்பவர் அத்தையோ சித்தியோ, அந்தப் படத்தை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஐந்து பேரை உட்காரவைத்து ஐந்து பேரைப் பின்னால் நிற்கவைத்து, 35-இலேயே எடுங்கள்.

வெளிச்சம்: 1.8, 2.8 என்பது என்ன

லென்ஸின் மேல் எழுதியிருக்கும் அப்பர்ச்சர் எண் குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் கூடும். 1.4, 2, 2.8, 4, 5.6 என்று ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகும். 18-55 கிட் லென்ஸை 55-க்குத் திருப்பினால் அது 5.6 ஆகிவிடும். 50 எம்எம் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. மண்டபத்தில் கிட் லென்ஸ் படங்கள் புள்ளி புள்ளியாகவோ கலங்கியோ வருவதற்குக் காரணம் இதுதான்.

ஆள் அசைந்துவிடுவார் என்ற கவலை புகைப்படக் கலை பிறந்தபோதே வந்துவிட்டது. தகடுகளில் படம் பிடித்த அந்தக் காலத்தில் முகம் விழ நெடுநேரம் ஆடாமல் உட்கார வேண்டும். அதற்காகவே வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் 1840-இல் ஏறக்குறைய 3.6 அப்பர்ச்சர் உள்ள லென்ஸ் ஒன்றை வடிவமைத்தார். உருவப்படத்துக்கென்றே கணக்குப் போட்டுச் செய்த முதல் லென்ஸாக அதைச் சொல்வார்கள். இன்று நாம் 2.8-க்கும் 1.8-க்கும் கூடுதல் காசு கொடுப்பதும் அதே காரணத்துக்குத்தான்.

லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே, 4 அப்பர்ச்சரே போதாதா என்று கேட்பார்கள். ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும். மாலை மாற்றும்போது மாப்பிள்ளையைத் தோளில் தூக்கி ஆட்டுகிறார்களே, அதைத் தாங்காது. அதற்கு ஷட்டர் வேகம் 1/200-க்கு மேல் வேண்டும், அதற்கு வெளிச்சம் வேண்டும்.

மேடையின் எல்இடி விளக்குகளால் சில படங்களில் பட்டை பட்டையாக நிழல் விழலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/100-இலோ 1/50-இலோ வைத்தால் பெரும்பாலும் பட்டை மறையும். கேமராவில் ஆன்டி-ஃப்ளிக்கர் இருந்தால் அதைப் போடுங்கள். இது லென்ஸின் குறை என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

1.8 இருக்கிறது என்பதற்காக 1.8-இலேயே எடுக்க வேண்டாம்

புதிதாக பிரைம் லென்ஸ் வாங்கியவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். ஃபுல் ஃபிரேமில் 85 எம்எம் 1.8 போட்டு ஆறரை அடியில் நின்று எடுத்தால், தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 6 சென்டிமீட்டர். பெண் முகத்தைக் கொஞ்சம் திருப்பினால் அருகிலிருக்கும் கண் தெளிவாகவும் தூரத்துக் காது மங்கலாகவும் வரும். ஒரு ஆளுக்கு அது அழகு. பெண்ணும் மாப்பிள்ளையும் முன்பின்னாக நின்றால் ஒருவர் கலங்கிவிடுவார். இருவர் என்றால் 2.8 அல்லது 4-க்குப் போங்கள்.

பாட்டி முன்னால் நாற்காலியில் இருக்கிறார், பேரப்பிள்ளைகள் பின்னால் நிற்கிறார்கள் என்று வையுங்கள். கிராப் கேமராவில் 50 எம்எம்மை 1.8-இல் வைத்துப் பத்தடியில் எடுத்தால் தெளிவான ஆழம் ஒரு அடிகூட இருக்காது. கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். ஆல்பம் அச்சாகி வந்த பிறகுதான் பின்வரிசை மொத்தமும் கலங்கியிருப்பது தெரியும். இரண்டு வரிசை என்றால் 5.6-க்குக் குறையாதீர்கள், வெளிச்சம் போதாவிட்டால் ஃப்ளாஷைப் போடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் ஒன்றாக நிற்கும் படம் பல குடும்பங்களில் அது ஒன்றுதான். போஸ் கொடுக்காமல் இயல்பாக இருக்கும்போது எடுக்கும் கேண்டிட் படங்களில் எவ்வளவு வேண்டுமானாலும் பரிசோதனை செய்யுங்கள், இதில் வேண்டாம்.

முகம் எடுக்க

85 எம்எம்மை ‘போர்ட்ரெய்ட் லென்ஸ்’ என்று சொல்வதால், அந்தக் கண்ணாடியில் ஏதோ முகத்தை அழகாக்கும் சக்தி இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது தூரம். மூன்றடியில் நின்று எடுத்தால் மூக்கு கேமராவுக்கு அருகில், காது தொலைவில், அதனால் மூக்கு பெரிதாகும். ஏழெட்டு அடி தள்ளிப் போனால் அந்த வித்தியாசம் தேய்ந்து, நாம் நேரில் பழகிய முகம் வரும். ஏழெட்டு அடியில் நின்று மார்பளவுக்குப் படத்தை நிரப்ப ஃபுல் ஃபிரேமில் 85 தேவைப்படுகிறது. கிராப்பில் 50 அல்லது 56. இவ்வளவுதான் அந்தப் பெயரின் ரகசியம்.

ஆனால் 85-இல் தலை முதல் கால் வரை எடுக்க வேண்டுமென்றால், கேமராவை நெட்டாகப் பிடித்தாலும் ஏறத்தாழ பதினைந்து அடி தள்ளிப் போக வேண்டும். அவுட்டோரில், தென்னந்தோப்பிலோ ஆற்றங்கரையிலோ, அது தாராளமாகக் கிடைக்கும். பட்டுப்புடவையின் முந்தானையை விரித்து நிற்கும் படங்களுக்கு 85-ஐ மிஞ்ச ஆளில்லை. பெண் அலங்காரம் செய்துகொள்ளும் மண்டபத்து அறையோ பத்துக்குப் பத்து, அதற்குள் ஒப்பனைக்காரர், அம்மா, நாலு தோழிகள். அங்கே ஃபுல் ஃபிரேமில் 35 அல்லது 50. கிராப்பில் 24 அல்லது 35. நெருங்கிப் போகாமல், சுவரோடு சுவராக நின்று, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும் பக்கமாக எடுங்கள். கண்ணாடியில் தெரியும் முகத்துக்கு ஃபோகஸ் வைக்கும்போது, கேமராவிலிருந்து கண்ணாடிவரை உள்ள தூரத்தோடு கண்ணாடியிலிருந்து முகம்வரை உள்ள தூரமும் சேர்கிறது என்பதை மறக்க வேண்டாம். சின்ன அறையில் அது ஒரு வசதியும்கூட.

தாலி, மோதிரம், மருதாணி, மெட்டி போன்றவற்றுக்கு மிக அருகில் எடுக்க உதவும் 90 அல்லது 100 எம்எம் மேக்ரோ லென்ஸ் அருமையாக இருக்கும். அதை வாங்க அவசரம் இல்லை. கண்ணாடி எதுவும் இல்லாத வெற்றுக் குழாயான எக்ஸ்டென்ஷன் டியூபை 50 எம்எம்மோடு மாட்டினாலே ஆல்பத்துக்குப் போதுமான நெருக்கம் கிடைக்கும்.

எந்த வரிசையில் வாங்குவது

கையில் கிராப் பாடியும் கிட் லென்ஸும் மட்டும் இருந்தால், முதல் செலவு 50 எம்எம் 1.8. கேனான், நிக்கான், சோனி மூன்றிலும் விலை குறைந்த நல்ல லென்ஸ் அதுதான். கேனானின் எஸ்டிஎம் வகை வெறும் 160 கிராம். அதில் முகங்களைப் பழகுங்கள். இரண்டாவதாக, முழுவதும் 2.8 இருக்கும் ஒரு ஜூம். டேம்ரான் 17-50 அல்லது, சோனி போன்ற மிரர்லெஸ்ஸுக்கு வரும் 17-70. கிட் லென்ஸை அத்தோடு வீட்டில் வைத்துவிடலாம். இந்த இரண்டோடு ஒரு ஃப்ளாஷும் இருந்தால் ஒரு கல்யாணத்தைத் தைரியமாக ஒப்புக்கொள்ளலாம்.

ஃபுல் ஃபிரேம் என்றால் முதலில் 24-70 அல்லது 28-75 எம்எம் 2.8. சிக்மா, டேம்ரான் தயாரிப்புகள் கேமரா நிறுவனங்களின் சொந்த லென்ஸைவிட விலை குறைவு, வேலையில் குறை வைப்பதில்லை. அடுத்தது 85 எம்எம் 1.8. 1.4 வேண்டுமா என்றால், இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு 35 எம்எம் 1.8 வாங்கலாம். 70-200 எம்எம் 2.8 கடைசி. பழைய டிஎஸ்எல்ஆர் வகைகள் ஒன்றரை கிலோ வரை எடை, காலை நாலரையிலிருந்து பந்தி முடியும்வரை தோளில் தொங்கும். வருடத்தில் எத்தனை கல்யாணத்துக்கு அது தேவைப்படுகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சடங்குகளையும் மேடைப் படங்களையும் எடுக்கும் டிரெடிஷனல் வேலைக்குப் போகிறவர் ஜூமையும் ஃப்ளாஷையும் முதலில் பார்க்க வேண்டும், கேண்டிட் வேலைக்குப் போகிறவர் 35, 85 ஜோடியை. இரண்டையும் ஒரே ஆளாக ஒரே பாடியில் செய்கிறேன் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். லென்ஸ் மாற்றும் நேரத்தில் ஒரு சடங்கே முடிந்துவிடும்.

வாடகையும் பழைய லென்ஸும்

பெரிய ஊர்களில் லென்ஸ் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள். வாங்க நினைக்கும் லென்ஸை ஒரு கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். மறுநாள் படங்களைத் திறந்து, எந்த எம்எம்மில் அதிகம் எடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள், அது ஒவ்வொரு படத்திலும் பதிவாகியிருக்கும். ஜூம் வைத்திருந்தும் முக்கால்வாசி 35-க்குப் பக்கத்திலேயே எடுத்திருந்தால் உங்களுக்கு எந்த பிரைம் வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

பழைய லென்ஸ் வாங்கினால் ஒரு டார்ச் எடுத்துப் போங்கள். அப்பர்ச்சரைத் திறந்துவைத்து, ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பாருங்கள். சிலந்தி வலை போல இழை தெரிந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று தூசி பரவாயில்லை. அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. ஃபோகஸ் வளையம் கரகரப்பில்லாமல் சுற்ற வேண்டும். உங்கள் பாடியில் மாட்டி, மிகத் திறந்த அப்பர்ச்சரில் அருகில் பத்துப் படம், தொலைவில் பத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பில்லில் உள்ள வரிசை எண்ணும் லென்ஸில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்க்காரர்கள் லென்ஸைத் தோல் பைக்குள் மாதக்கணக்கில் வைக்காதீர்கள், பூஞ்சைக்கு அது விருந்து. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தாலே போதும். ஜெல் நிறம் மாறினால் சூடுபடுத்திக் காயவையுங்கள். முடிந்தவர்கள் ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைக்கும் டிரை கேபினெட் வாங்கலாம்.

லென்ஸின் முன்னால் ஒரு நல்ல பாதுகாப்பு ஃபில்டரும் ஹூடும் மாட்டுங்கள். வாசலில் பன்னீர் தெளிப்பார்கள், ஓமத்தில் நெய் தெறிக்கும், அட்சதை பறந்து வரும், வரவேற்பில் நுரையும் ஜிகினாவும். மைக்ரோ ஃபைபர் துணி இரண்டு சட்டைப் பையில் இருக்கட்டும். வேட்டி நுனியால் துடைக்க வேண்டாம்.

இன்னொன்று, ஏசி அறை. மண்டபத்து ஏசி அறையில் இரவு பையைத் திறந்துவைத்துத் தூங்கிவிட்டு, விடியற்காலை நாலரைக்குக் கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் லென்ஸ் முழுக்கப் பனி படர்ந்துவிடும். துடைக்கத் துடைக்க மறுபடி படரும். எழுந்ததும் பையை மூடியபடியே வெளியே கொண்டுபோய், பந்தி நடக்கும் இடத்தில் கண் பார்வையில் வைத்துவிட்டு, காபி குடியுங்கள். கால் மணி நேரமாவது கழித்துத் திறந்தால் கண்ணாடி தெளிவாக இருக்கும்.